கத்தி வெட்டிய வரி: திருவொற்றியூர் வாரப் பத்திரிகையின் பழைய தொகுப்புகளைச் செப்பனிட்ட பதிவு

2023 டிசம்பர் 6-ஆம் தேதி காலை காலடிப்பேட்டையில் அத்தை வீட்டுக்குள் நுழைந்தபோது தண்ணீர் வடிந்துவிட்டது, சேறு அப்படியே கிடந்தது. மிக்ஜாம் புயல் மழையில் இரண்டு நாள் முழங்கால் தண்ணீர் நின்ற வீடு. அரிசி டின், கேஸ் சிலிண்டர், மாத்திரை டப்பா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா மட்டும் கட்டிலில் உட்கார்ந்து கட்டிலுக்கு அடியிலேயே கண்ணை வைத்திருந்தார். "பாப்பா, அந்தத் தகரப் பொட்டிய இழு. நம்ம பேப்பர் இருக்குது" என்றார்.

பெட்டிக்குள் பைண்டு செய்த 11 தொகுப்புகள். 1973 முதல் 1985 வரை, ஆண்டுக்கு ஒன்று. 1980, 1981 மட்டும் இல்லை. திருவொற்றியூரில் வெள்ளிக்கிழமைதோறும் வந்த நாலு பக்க வாரப் பத்திரிகை அது. நடத்தியவரின் பிள்ளைகள் விரும்பாததால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. மாமா அதில் கம்பாசிட்டராக இருந்தவர், அதாவது எழுத்து எழுத்தாக எடுத்து அச்சுக் கோத்தவர். 1986-ல் பத்திரிகை நின்றபோது பழைய பேப்பர் கடைக்குப் போகவிருந்த தொகுப்புகளைக் கேட்டு வாங்கிச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாராம்.

திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-ல்தான். அதுவரை தனி நகராட்சி. பக்கத்துக் கத்திவாக்கமும் அப்படியே. பட்டணத்துப் பெரிய நாளிதழ்களுக்கு இந்த ஊர் ஒரு பேருந்துத் தடத்தின் கடைசி நிறுத்தம். தெருக்குழாய், வார்டு கூட்டம், மாசித் திருவிழா, என்ஃபீல்டு, லேலண்டு தொழிற்சாலைகளில் போனஸ் பேச்சு, கடல் தின்ற குடிசைகள் என்று ஊரின் சங்கதியெல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் இருப்பது இந்தத் தகரப் பெட்டியில்தான். அதனால்தான் ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குக் கொடுத்தேன். இதே போலப் பழைய உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக, செய்ததையும் தவறவிட்டதையும் எழுதி வைக்கிறேன்.

ஈரம்

மேலே இருந்த ஒன்பது தொகுப்புகளுக்கு ஓரம் மட்டும் நமத்திருந்தது. அடியில் கிடந்த 1974, 1979 இரண்டும் தண்ணீரில் ஊறிக் கனத்துப்போயிருந்தன. நனைந்த தாளில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும், சென்னைப் புழுக்கத்தில் அதற்கும் முன்னாலேயே. முதலில் எல்லோரும் சொன்னது, "மொட்டைமாடியில் வெயிலில் போடு". அதைச் செய்யவில்லை. செய்தித்தாள் மரத்தை அரைத்த கூழில் செய்வது. அதிலிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெயில் பட்டால் பழுத்து, தாள் நொறுங்கும். அது மட்டுமல்ல, வேகமாகக் காயும் தாள் அப்பளம் போலச் சுருளும்.

உறைய வைப்பதுதான் வழி. உறைந்த தாளில் பூஞ்சை வளராது. அவசரமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். பக்கத்துத் தெருவில் ஐஸ்கிரீம் விற்கும் அண்ணனின் பெட்டி, கரண்ட் போனதில் எல்லாம் உருகிக் காலியாகக் கிடந்தது. கரண்ட் வந்ததும் எங்கள் இரண்டு தொகுப்புகளையும் அதில் வைக்க இடம் கொடுத்தார். மூன்று மாதம் கழித்துத்தான் முழுதாகத் திரும்ப எடுத்தோம், ஒரு பைசா வாங்கவில்லை.

வைப்பதற்கு முன் ஒரு வேலை இருந்தது. தொகுப்பை இறுக மூடிப் பிடித்துக்கொண்டு, அகலமான டப்பில் நல்ல தண்ணீரில் சேற்றை அலசினேன். திறந்து அலசினால் சேறு உள்ளே போய்விடும். சாக்கடைத் தண்ணீர் கலந்த சேறு என்பதால் கையுறை, முகக்கவசம் இரண்டும் கட்டாயம். பிறகு இருபது இருபது தாளாகப் பிரித்து, நடுவே பட்டர் பேப்பர் வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினேன்.

இங்கே ஒரு தவறு நடந்தது. 1974 தொகுப்பின் அட்டையைச் சிவப்புக் காலிகோ துணியால் போர்த்தியிருந்தார்கள். அதை உடனே கழற்றியிருக்க வேண்டும். நான் அட்டையோடு உறைய வைத்துவிட்டேன். பிரித்தபோது முதல் எட்டுத் தாள்கள் ரோஜா நிறம். அச்சு மை எண்ணெய் மை, அது அசையவில்லை. துணியின் சாயம்தான் இறங்கியிருந்தது. அந்தக் கறை போகவில்லை, இனியும் போகாது. ஈரமான பைண்டிங் புத்தகம் கைக்கு வந்தால் முதலில் துணி அட்டையைக் கழற்றுங்கள்.

உலர்த்தியது வீட்டுக்குள், மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து. ஈரத்தை உறிஞ்சும் ஒற்றுத்தாள்களுக்கு நடுவே இரண்டு இரண்டு தாளாக வைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒற்றுத்தாளை மாற்றினேன். முழுதாகக் காய்ந்த பிறகு பலகைகளுக்கு நடுவே வைத்து, பழைய வேட்டியில் சுற்றிய அம்மிக் குழவியை மேலே ஏற்றினேன்.

தங்கசாலையிலிருந்து வந்த பத்திரிகை

உலர்ந்த தாள்களைப் பிரித்து அடுக்கும்போது மாமா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இப்போது அவருக்கு எண்பதுக்கு மேல். கண்புரை அறுவை செய்த கண்ணால் தாளை முகத்தருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது மிண்ட் ஸ்ட்ரீட்டுல ஓட்டினது, எழுத்து தேஞ்சிருக்குது பாரு" என்பார்.

பத்திரிகை திருவொற்றியூருடையது என்றாலும் தொடக்கத்தில் அச்சானது மாமா மிண்ட் ஸ்ட்ரீட் என்று சொல்லும் தங்கசாலைத் தெருவில். வாரத்தின் நடுவே ஆசிரியர் எழுதியதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாராம். வியாழன் இரவு அச்சடித்த கட்டோடு திரும்புவாராம். அந்தக் காலத்தில் வடசென்னையில் அச்சு வேலை என்றால் தங்கசாலைதான், அதற்கு வேரும் ஆழம். ஆறுமுக நாவலர் 1860-ல் சென்னையில் வித்தியாநுபாலன யந்திரசாலை என்ற அச்சகத்தை நிறுவியது இந்தத் தெருவில். 1878 செப்டம்பரில் 'தி இந்து' வாரப் பத்திரிகையாகத் தொடங்கியபோது, முதல் இதழின் 80 பிரதிகள் அச்சானதும் இதே தங்கசாலைத் தெருவின் ஸ்ரீநிதி அச்சகத்தில்தான். அதை நடத்தியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் 'சுதேசமித்திரன்' தொடங்கியபோது அதுவும் வாரப் பத்திரிகையாகவே தொடங்கியது, நாளிதழானது 1899-ல். இன்று பெரிதாக நினைக்கும் பெயர்கள் பல இப்படி வாரத்துக்கொரு முறை வந்த சிறு தாள்களாகத்தான் பிறந்தன. அந்தப் பழக்கத்தின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்றாக இந்தத் திருவொற்றியூர்த் தாளை நான் பார்க்கிறேன்.

ஒரு டெம்மி தாள், பதினேழரைக்கு இருபத்திரண்டரை அங்குலம். இரண்டாக மடித்தால் நாலு பக்கம். பெரிய ட்ரெடில் அச்சு மெஷினில் ஒரு பக்கத்துக்கு ஒரு ஓட்டம், ஒரு இதழுக்கு நாலு ஓட்டம். மெஷின்காரர் தாளை ஒவ்வொன்றாகக் கையால் ஊட்ட வேண்டும், மணிக்கு ஆயிரம் விழுந்தால் நல்ல வேகம். அச்சானதும் ஃபாரத்தை, அதாவது எழுத்து கோத்த சட்டத்தை, மண்ணெண்ணெயில் கழுவி, எழுத்துகளைப் பிரித்து, கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட வேண்டும். போட்டால்தான் அடுத்த வாரத்துக்கு எழுத்து. "கோக்கறது பாதி வேலை, பிரிச்சிப் போடறது மீதி வேலை. அதை யாரும் வேலையாவே நினைக்க மாட்டாங்க" என்றார் மாமா.

அவருக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. தங்கசாலை அச்சகத்தை விட்டு, திருவொற்றியூரிலேயே திறந்த ஒரு சின்ன அச்சகத்துக்குப் பத்திரிகை மாறியது. மாமா அந்தச் சின்ன அச்சகத்தின் ஆள். அவர் கோத்த முதல் இதழ் எது? "அந்த வருஷம் மழைக்கு முன்னாடி இங்க வந்துட்டோம். மொத இதழ்லயே மாசத்துப் பேர்ல ஒரு எழுத்தத் தலைகீழா சொருவிட்டேன். ஓனர் தெருவுல நின்னு கத்தினாரு" என்றார். எந்த வருடம் என்று கேட்டால் எழுபத்தெட்டு என்பார், இன்னொரு நாள் எழுபத்தொன்பது என்பார்.

பசை

பிரித்ததும் பார்த்தது, இந்தத் தொகுப்புகளுக்கு மழையைவிடப் பெரிய சேதத்தைப் பைண்டிங் செய்திருக்கிறது. ஓரத்தில் மூன்று துளை குத்திச் சணல் நூலால் இறுக்கியிருந்தார்கள். முதல் பத்தியின் முதல் இரண்டு எழுத்து தையலுக்குள் போயிருந்தது. பசையில் மயில்துத்தம் என்ற தாமிர உப்பு கலந்திருந்தது. பூச்சி அரிக்காமலிருக்க அக்காலத்துப் பைண்டர்கள் வழக்கமாகக் கலப்பதுதான். பூச்சி வரவில்லை, ஆனால் தாமிர உப்பு நாள்பட்டு தாளையே அரிக்கும். முதுகுப் பகுதி முழுவதும் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது.

பூச்சி பிடிக்காமல், தாளையும் கெடுக்காமல், வேண்டுமென்றால் தண்ணீர் தொட்டுக் கழற்றக்கூடியதாகவும் ஒரு பசை தேவை. ஆவணக் காப்பகங்களில் கோதுமை ஸ்டார்ச் பசை வைப்பார்கள். கடையில் தேடி அலையாமல் மைதாவிலிருந்து நானே எடுத்தேன். ஒரு கிலோ மைதாவைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து அரை மணி ஊற வைத்து, அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அந்த உருண்டையைப் பிசைந்து பிசைந்து கழுவ வேண்டும். தண்ணீர் பாலாக மாறும். ரப்பர் போல இழுபடும் ஒரு சவ்வு கையில் மிஞ்சும். பூச்சியை இழுப்பதும் பசையைத் திண்ணென்று ஆக்குவதும் அந்தச் சவ்வுதான், அதைத் தூக்கிப் போடுங்கள். பால் தண்ணீரை இரவு முழுக்கத் தெளிய விட்டால் அடியில் வெள்ளையாகப் படியும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு, படிந்ததைத் தட்டில் ஊற்றிக் காய வைத்தால் ஸ்டார்ச்.

ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு ஐந்து பங்கு தண்ணீர். மிதமான தீயில், கொதிக்கும் தண்ணீருக்குள் பாத்திரத்தை வைத்து, அரை மணி நேரம் விடாமல் கிளற வேண்டும். வெள்ளையாக இருந்தது கண்ணாடி போலத் தெளியும். கரண்டியில் தூக்கினால் நீளமாக இழையும். ஆறிய பிறகு மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு முறை பிழிந்து வடிகட்டி, தண்ணீர் சேர்த்து மோர் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அத்தை இதை ஒரு பார்வையில் பிடித்துக்கொண்டார்: "பட்டுப்பாவாடைக்கு இல்ல, காடாவுக்கும் இல்ல, கைத்தறிப் புடவைக்குப் போடற கஞ்சி பதம்." சரியாக அதேதான். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், புளிப்பு வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும்.

முதல் மூன்று தாள்களுக்குப் பசை கெட்டியாகப் போட்டுவிட்டேன். ஒட்டிய இடம் மரப்பட்டை போல விறைத்து, பக்கத்தாள் அலையலையாக எழும்பியது. இந்தப் பசையில் ஒரு நிம்மதி: திரும்ப ஈரமாக்கி, பத்து நிமிடம் கழித்து மெல்ல உரித்து, மறுபடி செய்ய முடிந்தது. ஃபெவிகாலில் செய்திருந்தால் அந்த மூன்று தாளும் போயிருக்கும்.

ஒட்டுவதற்கு ஜப்பான் டிஷ்யூ, ஒருவகைக் காட்டு முசுக்கொட்டை மரநாரில் செய்வது. வெங்காயத் தோல் கனம், நார் மட்டும் நீளம். இதைக் கத்தரிக்கக் கூடாது. தூரிகையைத் தண்ணீரில் தொட்டு வேண்டிய வடிவத்தில் கோடு இழுத்து, ஈரமான கோட்டில் பிய்க்க வேண்டும். பிய்த்த ஓரத்தில் நார்கள் பூனை மீசை போல நீளும். அந்த மீசைதான் கிழிந்த தாளைப் பிடித்துக்கொள்கிறது. கத்தரித்த நேர் ஓரமாக இருந்தால் அடுத்த முறை தாள் அந்த ஓரத்திலேயே ஒடியும்.

ஒரு கிழிசலைச் சொல்கிறேன். 1976-ஆம் ஆண்டு இதழ் ஒன்று, நகராட்சித் தண்ணீர் லாரி பற்றிய செய்திக்குக் குறுக்கே ஓர் அடி நீளம் கிழிந்திருந்தது. செய்தித்தாளைக் கிழித்தால் ஒரு பக்கம் மேல் தோலும் மறுபக்கம் கீழ்த் தோலும் சரிவாக நிற்கும். எந்தச் சரிவு எதன் மேல் உட்கார வேண்டும் என்று முதலில் பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் எழுத்தின் பாதி மறைந்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, 'தண்ணீர்' என்ற சொல்லின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் ஊசி முனையால் நகர்த்தி நகர்த்திச் சேர்த்தேன். 'ணீ'யின் மேல்சுழி பொருந்தியதும் வரியில் மீதி எழுத்துகள் தாமே பொருந்தின. பின்பக்கம் டிஷ்யூவை வைத்து உலர்ந்த தூரிகையால் தட்டி, மேலே நெய்யாத பாலியெஸ்டர் துணி, அதன் மேல் ஒற்றுத்தாள், கண்ணாடித் துண்டு, கடைசியாக எடை. தையல் சாமான் கடையில் அந்தத் துணி கிடைக்கும். ஒரு பக்கம் பசை தடவிய வகையும் அங்கே இருக்கும், அதை வாங்காதீர்கள். அந்த ஓர் அடிக்கு ஒரு மணி நேரம் ஆனது. இன்று அந்த இடத்தை விளக்குக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும்.

செல்லோடேப் ஒட்டியிருந்த தாள்கள் வேறு கதை. பிளாஸ்டிக் எப்போதோ உரிந்து விழுந்திருந்தது; அதன் பசை தாளுக்குள் இறங்கித் தேன் நிறத்தில் இறுகி நின்றது. அந்தப் பட்டைகளை நான் தொடவேயில்லை. துருப்பிடித்த ஸ்டேப்பிள் ஊசிகளை மட்டும் பின்பக்கக் கால்களை மெல்லிய கத்தியால் நிமிர்த்தி எடுத்தேன். முன்பக்கம் பிடித்து இழுத்தால் துருவோடு தாளும் சேர்ந்து வரும்.

கடைசி வரி

பத்திரிகையின் வரலாற்றை எங்கே தேடுவது? எனக்கும் முதலில் தலையங்கத்தைத்தான் படிக்கத் தோன்றியது. கையில் வைத்து வேலை செய்யச் செய்யப் புரிந்தது, பத்திரிகை தன்னைப் பற்றி எழுதிக்கொண்டது நாலாம் பக்கத்தின் அடியில், ஒரு மெல்லிய கோட்டுக்குக் கீழே. அப்போது நடப்பில் இருந்த 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி ஒவ்வொரு இதழிலும் அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர், இடம் போட்டாக வேண்டியிருந்தது. எப்போது அச்சகம் மாறியது, எப்போது கை மாறியது எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கும்.

நாலு தொகுப்புகளில் அந்த வரி இல்லை. தைத்து முடித்ததும் மூன்று ஓரத்தையும் கட்டிங் மெஷினில் கொடுத்து நறுக்கியிருக்கிறார் பைண்டர். ஓரம் அழகாக, சீராக இருக்கிறது. அடியில் இருந்த வரி போய்விட்டது. அதில் ஒன்று 1979.

இந்த இடத்தில் உதவியது இன்னொரு சட்ட விதி. 1956-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் 'படிவம் 4' என்ற அறிக்கையை அப்போது எல்லாப் பத்திரிகைகளும் வெளியிட வேண்டியிருந்தது. வெளியாகும் இடம், கால இடைவெளி, அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், முதலீட்டில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பங்குள்ளவர்கள். இது பக்கத்தின் நடுவில் வருவதால் கத்திக்குத் தப்பும். பழைய உள்ளூர்ப் பத்திரிகைத் தொகுப்பு எது கையில் கிடைத்தாலும் மார்ச் மாத முதல் இதழைத்தான் நான் இப்போது முதலில் திறக்கிறேன். இந்தப் பதினொரு தொகுப்பின் படிவம் 4 அறிக்கைகளை வரிசையாக வைத்தபோது, ஒரே ஆள் ஆசிரியராகவும் வெளியீட்டாளராகவும் உரிமையாளராகவும் தொடங்கியதும், நடுவில் மைத்துனர் ஒருவர் பங்குதாரராக வந்து மூன்றே ஆண்டில் காணாமல் போனதும் தெரிந்தது. 1979 மார்ச்சில் அச்சகம் தங்கசாலை. 1982 மார்ச்சில் திருவொற்றியூர். இடையில் இரண்டு தொகுப்புகள் இல்லை. மாமாவின் கேள்வி அந்த இடைவெளிக்குள் விழுந்துவிட்டது.

எழுத்துகளும் சாட்சி சொல்லின. 1978-ல் தமிழ்நாடு அரசு, பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் பயன்படுத்திவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணா, றா, னா வகையில் ஒன்பது, ணை, லை, ளை, னை நாலு, ஆகப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. பழைய லையும் னையும் தும்பிக்கையை மேலே தூக்கியது போல இருக்கும். றாவும் னாவும் கால் இல்லாமல் கீழே சுழிக்கும். அரசாணை வந்த மறுநாளே எந்தச் சிறிய அச்சகமும் மாறிவிடவில்லை. ஈய எழுத்து எடைக்கு விலை. ஆனால் ஒரு சௌகரியம் இருந்தது: 'கை', 'தை'க்கு ஏற்கெனவே கேஸில் இருக்கும் ஐகாரக் குறியை லகரத்துக்கு முன்னால் வைத்தாலே புது லை ஆகிவிடும். பழைய தும்பிக்கை லை தேய்ந்து உடைந்ததும் மறுபடி வாங்காமல் அப்படிச் சமாளித்தார்கள். கேஸில் அறைகளும் குறைந்தன. "எங்களுக்கு நல்லதுதான். தேடற நேரம் மிச்சம்" என்றார் மாமா. அதனால் 1979 இதழ்களில் ஒரே வரியில் 'சாலை' பழைய முறையிலும் 'தலைமை' புது முறையிலும் இருக்கின்றன. சிறிய எழுத்துகள் சீக்கிரம் தேயும். செய்தியில் புது வடிவம் முதலில் வந்தது. தலைப்புக்கான பெரிய எழுத்து அவ்வளவாகத் தேயாது, அங்கே பழைய வடிவம் நீடித்தது.

ஆனால் அந்த ஆண்டின் பிற்பாதியில் தலைப்பு எழுத்தும் ஒரேயடியாக மாறுகிறது. தடிமனான வேறு முகம், முழுக்கப் புது வடிவங்கள். தேய்ந்து மாறியிருந்தால் ஒன்றிரண்டாக மாறியிருக்கும். கேஸே வேறு, அச்சகமே வேறு என்றுதான் தோன்றியது.

படித்தபோது கண்ணில் பட்டவை

இதழ்களைப் படம் எடுக்கும்போதுதான் முழுதாகப் படித்தேன். கைபேசியை ஸ்டாண்டில் நேர்கீழாக வைத்து, தாளின் மேல் கண்ணாடி அழுத்தி, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்தால் போதும். ஃபிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் அடிக்கும். மங்கிய பக்கத்துக்கு ஒரு விளக்கை அணைத்துவிட்டு மற்றதைத் தாளோடு தாளாகப் படுக்க வைத்தேன். ஈய எழுத்து தாளில் அழுந்திய பள்ளம் நிழலாக எழும்பி, மை போன இடத்திலும் படிக்க முடிந்தது. படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள்கள் பழைய லை, னாவில் தடுக்கி விழுகின்றன. அதனால் தேதி, பக்கம், தலைப்பு, ஊர்ப்பெயர் ஆகியவற்றை மட்டும் கையால் தட்டச்சு செய்து அட்டவணை போட்டேன்.

அட்டவணையில் அதிக முறை வந்த சொல் 'கடல்'. துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் அங்கேயே தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது. இந்தத் தாளில் அது ஒவ்வொரு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வரும் செய்தி: இத்தனை வீடு போனது, இத்தனை லாரி கருங்கல் கொட்டினார்கள், அடுத்த வருடம் கல்லும் இறங்கிவிட்டது. ஒரு தெருவின் பெயர் 1973-ல் விளம்பரங்களில் முகவரியாக வருகிறது. பிறகு கடல் அரிப்புச் செய்தியில் வருகிறது. அதற்குப் பிறகு எங்குமே வரவில்லை. எந்த நாளிதழும் இப்படி ஒரு தெருவைத் தொடர்ந்து பார்த்திருக்காது.

நெருக்கடி நிலைக் காலமும் இருக்கிறது. 1975 ஜூன் கடைசி வரை மூன்றாம் பக்கத்தில் நகராட்சியைக் கேள்வி கேட்கும் ஒரு மூலைப் பத்தி வந்துகொண்டிருந்தது. ஜூலை முதல் வாரத்தில் அதே இடத்தில் கோயில் விசேஷங்கள். 1977 ஏப்ரலில் பத்தி திரும்ப வருகிறது, நடுவில் இருபத்தொரு மாதம் காணாமல் போனதைப் பற்றி ஒரு சொல் கூட இல்லாமல்.

படங்கள் அபூர்வம். படம் போட வேண்டுமென்றால் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்ய வேண்டும், அது செலவு. ஆகவே வடிவுடையம்மன் கோயில் கோபுரத்தின் ஒரே பிளாக் ஒவ்வொரு மாசியிலும் வருகிறது. 1975-ல் அதன் இடது ஓரத்தில் ஒரு மயிரிழைக் கீறல். 1979-ல் கீறல் கலசத்தைத் தொட்டுவிட்டது. 1984-ல் கோபுரத்தின் குறுக்கே ஓடுகிறது. தேதி கிழிந்துபோன இரண்டு தாள்களை இந்தக் கீறலின் நீளத்தை வைத்துத்தான் சரியான ஆண்டில் சேர்த்தேன்.

மடிந்த மூலை

1979 தொகுப்பை உறையிலிருந்து கடைசியாகத்தான் எடுத்தேன், அதுதான் மிகவும் நைந்திருந்தது. செப்டம்பர் 14 இதழின் பின்தாளில் கீழ் மூலை உள்பக்கமாக மடிந்து ஒட்டிக்கிடந்தது. நனைத்த தூரிகையால் மெல்ல நெகிழ்த்தி விரித்தேன். விரிந்த மூலை மற்றத் தாள்களின் ஓரத்தைத் தாண்டி அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பைண்டர் கத்தியை இறக்கிய நாளில் அந்த மூலை உள்ளே மடிந்திருந்ததால் கத்திக்குத் தப்பியிருக்கிறது. அந்த முக்கோணத்துக்குள் கடைசி வரியின் வால்: '…அச்சகம், திருவொற்றியூர், சென்னை-19.'

செப்டம்பர் 14-க்கு முன்பே மாறிவிட்டது. அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வோர் இதழாக எடுத்து, உலர்த்தி, முதல் பக்கத்தின் தேதி வரியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். செப்டம்பர் 7. ஆகஸ்ட் 31, 24, 17. தலைப்பு எழுத்து எல்லாவற்றிலும் அந்தத் தடித்த புது முகம்தான். ஆகஸ்ட் 3-இல் பழைய முகம். நடுவில் ஆகஸ்ட் 10. அந்தத் தாளின் மேல்பகுதி சரியாகத் தேதி வரியின் மேலேயே கிழிந்து, இரண்டு துண்டாக இருந்தது.

துண்டுகளைச் சேர்த்தபோது 'ஆகஸ்ட்' என்ற சொல்லின் கடைசி எழுத்து தலைகீழாக நின்றது. தலைக்கு மேல் இருக்க வேண்டிய புள்ளி காலடியில் கிடந்தது.

மாமாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை முகத்தருகே கொண்டுபோய், வெகு நேரம் பார்த்தார். "இதுதான்" என்றார். பிறகு அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டுப் பையனையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்தக் கிழிசலுக்கு முதலில் டிஷ்யூவைப் பின்பக்கம் மட்டும் போட்டேன். பலவீனமான தாள் என்பதால் முன்பக்கமும் ஒரு மெல்லிய பட்டை ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டினேன், அந்த ஓர் எழுத்துக்கு இரண்டு பக்கமும் நிறுத்தி, எழுத்தின் மேல் ஒன்றும் படாமல். இப்போது தொகுப்புகளைத் திரும்பத் தைக்கவில்லை. ஒவ்வோர் இதழும் அமிலமில்லாத தாளுறையில், படுக்கை வாட்டில், தரையிலிருந்து நாலடி உயரத்து அலமாரியில் இருக்கிறது. 1980, 1981 இதழ்களைத் தேடி அடுத்த மாதம் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போகிறேன். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்திரிகைகள் பிரதி அனுப்ப வேண்டிய நூலகங்களில் அதுவும் ஒன்று. மாமாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.